ஞாயிறு மாலை அஞ்சடியில்: வீட்டோடும் நண்பர்களோடும் வாழ்க்கையும் அரசியலும் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியப்பா 2014-இல் இறந்தார். இறப்பைப் பதிவு செய்ய அவருடைய அடையாள அட்டை தேவைப்பட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் தம்பி இழுத்துத் திறந்தான். ரப்பர் மரம் வெட்டும் (பால் எடுக்கப் பட்டை கீறும்) உளி ஒன்று, நூலால் கட்டிய சம்பளச் சீட்டுகள், பாட்டியின் படம், எல்லாவற்றுக்கும் அடியில் அட்டை. அதன் நிறம் சிவப்பு. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் குடிமக்களுக்குரிய நீலம்.

ஏன் சிவப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தேர்தலன்றும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கிழவிகளைச் சைக்கிளில் ஏற்றிப்போய் ஓட்டுச்சாவடியில் விட்டவர் அவர். தான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாற்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே சாப்பிட்டோம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை அஞ்சடியில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) உட்காரவைத்துப் பெரியப்பாவின் கதையைக் கேட்டோம். அன்று தொடங்கிய ஞாயிறு மாலைப் பேச்சு, நடுவில் எட்டு மாதம் அறுந்தது தவிர, இன்றுவரை நடக்கிறது. நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த குடும்பம். எங்களைப்போல உள்ள வீடுகளில் இப்படி ஒரு பேச்சை எப்படித் தொடங்குவது, எப்படி உடையாமல் கொண்டுபோவது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நேரம், இடம், ஆள்

தீபாவளியன்று வேண்டாம். எல்லோரும் கூடியிருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் அன்று ஒருவர் வந்தால் ஒருவர் கிளம்புவார், பாதிக் கதையில் பட்டாசு வெடிக்கும். கல்யாண வீடும் உதவாது. துக்க வீட்டில் கதைகள் தானாக வரும், அதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்கும் இடம் அது அல்ல.

ஞாயிறு மாலை நான்கு மணி எங்களுக்குப் பொருந்தியது. இதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தவர்கள். வேலையை விட்டு இருபது வருடம் ஆனாலும் அந்த உடம்பு மாறவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான் வரும். நான்கு மணிக்குக் கோப்பி ஓ ஒரு கோப்பை உள்ளே போனால், ஆறரை வரை அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காராதீர்கள். நேர்காணல் மாதிரி ஆகிவிடும். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். கீரை ஆய்வது, நெத்திலிக்குத் தலை கிள்ளுவது, தென்னங்கீற்றில் விளக்குமாறு சீவுவது எதுவானாலும் சரி. கை வேலை செய்யும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, அதனால் சொல்லக் கூச்சமான விஷயம்கூட வாய்க்கு வரும். ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேர் ஆனால் இரண்டு பேச்சாகப் பிரிந்துவிடும். தொலைக்காட்சி நின்றிருக்க வேண்டும்.

படி 2: கருத்தைக் கேட்காதீர்கள், பொருளைக் கையில் கொடுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

"அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். "அரசாங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்றால் நேற்று கடையில் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள். பழைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "அம்மா, இதுல இருக்கிற பிடித்தம் எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். சங்கத்துக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, மழை பெய்து மரம் வெட்டாத நாள் இத்தனை என்று ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு ஆள் எழுந்து வருவார். செக்ரோல் (வருகைப் பதிவேடு) எழுதிய கிராணி, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று வாளியைத் தட்டிவிட்ட தண்டல் (மேற்பார்வையாளர்), அந்த மாதம் அரிசி கடன் கொடுத்த பக்கத்து வீட்டு அத்தை.

அங்கிருந்து அரசியலுக்குப் பாலம் போட வேண்டியதே இல்லை. அந்தச் சீட்டு முழுக்க அரசியல்தான். மழை பெய்தால் கூலி இல்லை என்பது யார் போட்ட விதி? குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று தீபகற்பத்தில் 2013-இல்தான் மாதம் 900 வெள்ளியாக (ரிங்கிட்) நடைமுறைக்கு வந்தது. 2022 மே மாதத்தில் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. இந்த மூன்று எண்களையும் நான் ஒரு தாளில் எழுதி அம்மாவின் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாங்க கேட்டப்போ கிடைக்கல" என்றார். அந்த ஞாயிறு இருட்டும்வரை பேசினோம்.

எங்கள் வீட்டில் நன்றாகப் பேசவைத்த பொருள்கள்: அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மரம் வெட்டும் உளி, நெற்றியில் கட்டும் விளக்கு, தமிழ்ப்பள்ளிக் குழுப்படம், ஜப்பான் காலத்து வாழைமரம் போட்ட நோட்டு. பொருள் கையில் இல்லையென்றால் இடமும் உதவும். அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை). கோயில் மட்டும் நின்றது. அதை வைத்து, "இங்கதான் ஆயாக்கொட்டகை, அந்த மேட்டில் ஆறாம் லயம்" என்று விரலால் காற்றில் ஒரு தோட்டத்தையே வரைந்து காட்டினார்.

படி 3: ஆண்டுகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்

பெரியவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள். "சின்னவன் வயிற்றில் இருந்தப்போ", "பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்பார்கள். அவர்களைத் திருத்தக் கூடாது. நம் மனதில் ஒரு அட்டவணை இருந்தால் போதும், அவர்கள் கதை எங்கே பொருந்துகிறது என்று நமக்குப் புரியும், அடுத்த கேள்வியும் சரியாக வரும்.

நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன். 1938-இல் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிவருவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணியோடு கப்பலேறி வந்த தாத்தா என்றால் பெரும்பாலும் அதற்கு முன்பு வந்தவர். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம். கூலி உயர்வோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இதைப் படித்துக்காட்டியபோது மாமா சட்டென்று நிமிர்ந்து, தன் அப்பா கடைசிவரை வெள்ளைக்காரரைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துவிடுவார் என்று சொன்னார். அதுவரை எங்களிடம் சொல்லாத விஷயம் அது.

1942 முதல் 1945 வரை ஜப்பான் காலம். ஜப்பானியர்களின் சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதை 1942-இலிருந்து 1943 அக்டோபர் வரை போடப்பட்டது. தோட்டத்திலிருந்து பிடித்துப்போன ஆண்களில் பலர் திரும்பவே இல்லை. 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்காரர் சயாமுக்குப் போக, பக்கத்து வீட்டுப் பெண் துப்பாக்கி தூக்கிய காலம் அது. இரண்டையும் ஒரே பாட்டியிடம் கேட்க முடியும்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு 1948 ஜூன் 16 தனி நாள். ஊரை அடுத்த எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதும், அரிசியை அளந்து கொடுத்ததும், வேலைக்குப் போகிறவர்களைச் சோதனை போட்டதும் இந்தக் காலத்தில்தான். வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு பத்தி. எங்கள் பாட்டிக்கு இது, மகனுக்குக் கட்டிக்கொடுத்த சோற்றை வேலி வாசலில் பிரித்துப் பார்த்தார்கள் என்ற அவமானம்.

1957 சுதந்திரம். 1969 மே 13 இனக்கலவரம். அதையொட்டிய ஆண்டுகளில்தான், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி தோட்டங்களைப் பிடித்து உலுக்கியது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்கள், "நமக்கெதுக்கு" என்று இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் அந்நியர்கள் ஆனார்கள். பலர் மூட்டை கட்டி ஊருக்கே போய்விட்டார்கள். பெரியப்பாவின் சிவப்பு அட்டை அந்தக் கதையின் துண்டு. அவர் போகவில்லை. எப்படியோ நிரந்தரவாசியாகத் தங்கினார். குடியுரிமைக்கு ஒரு தடவை அலைந்ததாகவும், அங்கே ஒருவர் மலாயில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்ததாகவும் அம்மா சொன்னார். அதற்குப் பிறகு அவர் முயலவே இல்லையாம்.

ஒரு சிறு உத்தி. ஆண்டு தெரியாத கதைக்குக் கப்பல் பெயரைக் கேளுங்கள். ரஜூலாவில் போனோம் என்றால் 1970-களின் தொடக்கத்துக்கு முன்பு. சிதம்பரம் கப்பல் என்றால் அதற்குப் பிறகு, 1985-இல் அது தீப்பிடித்துச் சேவை நின்றதற்கு முன்பு. இதை வைத்தே எங்கள் உறவில் யார் எப்போது ஊர் திரும்பினார்கள் என்று கணக்குப் போட்டோம்.

படி 4: அடுப்படியில் நிற்பவர்களை வெளியே கூட்டி வாருங்கள்

முதல் ஆறு மாதம் எங்கள் பேச்சில் ஒரு குறை இருந்தது, எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஆண்கள் அஞ்சடியில் அரசியல் பேசுவார்கள். அத்தையும் தம்பி மனைவியும் உள்ளே வடை சுடுவார்கள். அவர்கள் காதில் விழும், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பலகாரத்தைக் கடையில் வாங்கிவிடுவது என்று முடிவு செய்த வாரம்தான் அத்தை முதன்முதலாகப் பேசினார்.

பெண்களிடம் தேர்தலிலிருந்து தொடங்காதீர்கள். பிரசவத்திலிருந்து தொடங்குங்கள். "எத்தனை நாள் லீவு கொடுத்தாங்க?" என்று என் மகள் கேட்டாள். "அறுபது நாள்" என்றார் அத்தை. அறுபத்தோராம் நாள் குழந்தையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு மரம் வெட்டப் போனதையும், பால் கட்டி மார்பு வலித்ததையும், குழந்தைக்குப் பால் கொடுக்க மேட்டில் ஏறி ஓடி வந்ததையும் சொன்னார். மகள், சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரியிலிருந்து 98 நாள் ஆகிவிட்டது, அப்பாமாருக்கும் 7 நாள் உண்டு என்றாள். அத்தை கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டார். "யாரு கேட்டு வாங்கினது?" என்றார்.

அரசியல் பேச்சில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், நாடாளுமன்றத்தில் நடந்த விவாதம் என்று அன்று மகள் எல்லாவற்றையும் தேடிப் படித்துக்காட்டினாள். தனக்கு அரசியல் தெரியாது என்று அறுபது வருடம் சொல்லிக்கொண்டிருந்த அத்தை இப்போது ஞாயிறு தவறுவதில்லை.

கள்ளுக்கடை பற்றியும் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். சம்பள நாள் மாலையில் வீட்டுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கணவரோ மகனோ பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். அதைச் சொல்ல வேண்டிய நாளை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள்.

படி 5: கட்சி வரும்போது

வரும். வராமல் இருக்காது. எங்கள் ஊர் சாதாரணத் தொகுதி இல்லை. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் நின்று வென்ற தொகுதி. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர்களின் சேமிப்பைச் சேர்த்தே தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அதன்பின் அதே கட்சியின் சாமிவேலு 1974 முதல் 2008 வரை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். 2008 மார்ச் 8-ஆம் தேதி அவரை எதிரணியின் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் தோற்கடித்தார். இந்த மூன்று பெயரில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் எங்கள் அஞ்சடியில் குறைந்தது இரண்டு பேர் குரல் உயரும்.

நான் வைத்திருக்கும் விதி: யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. அது ரகசியம், கட்டிய மனைவியாக இருந்தாலும் சரி. அதற்குப் பதிலாக, "அந்தக் கட்சி மேல எப்ப நம்பிக்கை வந்துச்சு? அன்னைக்கு வீட்டில் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போனவரானால், "எப்ப விட்டுப்போச்சு?"

மாமா ம.இ.கா. கிளையில் நாற்பது வருடம் இருந்தவர். ஏன் என்று நான் கேட்டதே இல்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது சொன்னார். அவருடைய அப்பாவின் குடியுரிமைப் பத்திரத்துக்காகக் கிளைத் தலைவர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் தைப்பிங்குக்கும் ஈப்போவுக்கும் பஸ்ஸில் கூடவே அலைந்தாராம். "எனக்கு நீலக் கார்டு அப்பா மூலமா வந்துச்சு. அப்பாவுக்கு அவரு மூலமா" என்றார். தம்பி 2007 நவம்பர் 25 அன்று இண்ட்ராப் (இந்தியர் உரிமை கேட்ட இயக்கம்) பேரணிக்குக் கோலாலம்பூர் போனவன். கண்ணீர்ப் புகையில் விழுந்த முதியவர் ஒருவரை யாரென்றே தெரியாமல் தூக்கிக்கொண்டு ஓடியவன். அவனுடைய கட்சி அன்று மாறியது. இருவரும் பத்து வருடம் ஒருவரையொருவர் முட்டாள் என்று நினைத்திருந்தார்கள். கதையைக் கேட்ட பிறகும் இருவரும் கட்சி மாறவில்லை. ஆனால் மாமாவின் அப்பா அலைந்த அதே அலைச்சல்தான் பெரியப்பாவுக்குக் கைகூடாமல் போனது என்பதைத் தம்பிதான் முதலில் எடுத்துச் சொன்னான். மாமா தலையசைத்தார்.

படி 6: பார்த்ததா, கேட்டதா, வாட்சாப்பில் வந்ததா

யார் எதைச் சொன்னாலும் இந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டோம். பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று இளையவர்கள் தயங்குவார்கள். "மாமா, இது நீங்க நேரில் பார்த்ததா, யாராவது சொன்னதா?" என்று மரியாதையோடு கேட்டால் கோபம் வராது. பார்த்ததென்றால் விவரம் கேளுங்கள். கேட்டதென்றால் யாரிடம் என்று கேளுங்கள். போனில் வந்ததென்றால் அங்கேயே வைத்துச் சரிபாருங்கள். செபெனார்ஞா என்ற அரசாங்க இணையத்தளம் 2017 முதல் பொய்ச்செய்திகளைச் சரிபார்த்து வெளியிடுகிறது. அரசாங்கத்தைப் பற்றிய செய்தி என்றால் அது மட்டும் போதாது, இரண்டு மூன்று செய்தித்தளங்களையும் பாருங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது, காலையில் வாசித்து மாலையில் வாதாட எங்கள் பெரியவர்களுக்கு இருந்த பழைய துணை ஒன்று போய்விட்டது. அந்த இடத்தைப் போன் பிடித்துக்கொண்டது. அவர்களைக் குறை சொல்லாமல், சரிபார்க்கும் வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டும்.

படி 7: சூடேறும்போது

எட்டு மாதம் அறுந்தது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு நான்தான் காரணம்.

2018 மே 9 இரவு. மாமாவின் ம.இ.கா.வும் சேர்ந்த, சுதந்திரத்திலிருந்து 61 வருடம் ஆண்ட கூட்டணி முதன்முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. எல்லோரும் எங்கள் வீட்டில். மாமா ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான், "இன்னும் எத்தனை வருஷம் மாமா கொடி பிடிப்பீங்க, ஏமாந்தது போதாதா?" என்றேன். பேரப்பிள்ளைகள் முன்னால். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். தீபாவளிக்கும் வரவில்லை.

2019 பொங்கலன்று காலையில் தூக்குச்சட்டியில் பொங்கலோடு அவர் வீட்டுக்குப் போனேன். "நான் பேசினது தப்பு மாமா" என்றேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "உட்காரு, பசியாறிட்டியா?" என்றார். அடுத்த ஞாயிறு வந்தார்.

அதிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடுகள் இவை. தேர்தலுக்கு முந்திய வாரமும், முடிவு வரும் இரவும், அடுத்த ஞாயிறும் கட்சிப் பேச்சு கிடையாது. ஒருவர் ஆதரித்ததை வைத்து அவர் வாழ்க்கையை எடைபோட்டுப் பேசக் கூடாது. குரல் உயர்ந்தால் வயதில் சிறியவர் யாராவது எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுவார். திரும்பி வரும்வரை யாரும் பேசமாட்டோம். தேத்தண்ணி கலக்க ஏழெட்டு நிமிடமாகும், பெரும்பாலும் அது போதும். தவறு நடந்தால் பேசியவர் நேரில் போக வேண்டும். போனில் மன்னிப்புக் கேட்பதை எங்கள் வீட்டில் மன்னிப்பாகக் கணக்கெடுப்பதில்லை.

சாதி வந்தால் நான் வேறு விதமாக நடந்துகொள்கிறேன். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்கு வந்து பேசிப்போன ஊர்கள் இவை. லயத்தில் எல்லோரும் ஒரே தண்ணீர்க் குழாயில் பிடித்தவர்கள். ஆனாலும் கல்யாணப் பேச்சில் அது இன்னும் தலைநீட்டுகிறது. அதைத் தேத்தண்ணி போட்டு ஆற்ற மாட்டேன். "பாட்டி காலத்துலயே விட்டாச்சு, நாம எடுக்க வேண்டாம்" என்று நேராகச் சொல்லிவிடுவேன், பெரியவரானாலும் சரி.

படி 8: இளையவர்களை அவர்கள் மொழியிலேயே பேசவிடுங்கள்

என் தம்பி மகன் பாதி மலாய், கால் ஆங்கிலம், கால் தமிழ். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தினோம், அவன் போனுக்குள் போய்விட்டான். இப்போது அவன் எப்படிச் சொன்னாலும் சரி. தெரியாத தோட்டத்துச் சொல் வந்தால் கை தூக்குவான். பெரட்டு, தண்டல், பால்கொட்டகை, செக்ரோல் எல்லாம் அவன் போனில் ஒரு பட்டியலாக இருக்கின்றன.

பதினெட்டு வயதில் ஓட்டுரிமை 2021 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது, பதிவும் தானாகவே நடக்கிறது. ஆகவே எங்கள் வீட்டில் பதினெட்டு நிறைந்தவருக்கு ஒரு சடங்கு செய்கிறோம். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தன் வாக்குச்சாவடியைப் பார்த்து எல்லோருக்கும் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்போது பெரியப்பாவின் படத்தைப் பக்கத்தில் வைக்கிறோம்.

படி 9: கடையிலும், மற்ற நண்பர்களோடும்

பாசாரில் (சந்தையில்) ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசுவது வேறு. அங்கே பக்கத்து மேசை கேட்கும். இனம், மதம், ஆட்சியாளர்கள் (சுல்தான்கள்) என்ற மூன்றையும் பொது இடத்திலும் சமூக ஊடகத்திலும் கவனத்தோடு தொடுங்கள். 1948-இன் தேச நிந்தனைச் சட்டமும், 1998-இன் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் நடைமுறையில் இருக்கின்றன. வீட்டில் சூட்டோடு சொன்ன ஒரு வாக்கியத்தை யாராவது ஒலிப்பதிவாக அனுப்பிவிட்டால், சொன்னவர்தான் அலைய வேண்டும். எங்கள் அஞ்சடிப் பேச்சு எதுவும் வெளியே போகாது என்பது ஒப்பந்தம்.

மலாய், சீன நண்பர்களோடு பேச எனக்கு உதவியது ஜப்பான் காலமும் அவசரகாலமும்தான். எதிர் வரிசையில் இருக்கும் சீன அம்மா, அவசரகாலத்தில் சீனர்களைக் குடியேற்றிய புதுக்கிராமத்தில் முள்வேலிக்குள் வளர்ந்தவர். அவரும் அம்மாவும் உடைந்த மலாயில் வேலி வாசல் சோதனையைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்ட பிறகு, இந்த ஊரின் கதையில் பாதிதான் எங்களிடம் இருந்தது என்று உணர்ந்தேன்.

படி 10: எழுதி வையுங்கள்

போனில் பதிவு செய்வதானால் முதலில் கேளுங்கள், போனை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். கோப்புக்குத் தேதியும் பேசியவரின் உறவுமுறையும் பெயராக இருக்கட்டும். "நிறுத்து" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது நாற்பது பக்க நோட்டு. அன்று இரவே, மறப்பதற்கு முன், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதில் கிடைக்காத கேள்வி ஒன்றை எழுதி வைப்பேன், அடுத்த ஞாயிறு அதிலிருந்து தொடங்கும்.

இந்த வாரப் பக்கத்தின் அடியில் இருப்பது மாமாவுக்கான கேள்வி: அன்று மூன்று நாள் வேலையை விட்டு அலைந்த அந்தக் கிளைத் தலைவரின் குடும்பம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது?